யானைக்கவுனியில எந்த வயசுக்கு எந்த ஆஸ்பத்திரி?

வால்டாக்ஸ் ரோட்டுல, யானைக்கவுனி பக்கம் நின்னு பாருங்க. சென்ட்ரல் பக்கம் போனா ஜி.எச்., வண்ணாரப்பேட்டை பக்கம் போனா ஸ்டான்லி. ரெண்டுமே ஷேர் ஆட்டோ தூரம்தான். எத்தனையோ ஊர்க்காரங்க ராத்திரி பஸ் புடிச்சு வர்ற ஆஸ்பத்திரி நமக்குத் தெருமுனையில இருக்கு.

சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது. சளியா, ஜி.எச். சுகர் மாத்திரையா, அதுக்கும் ஜி.எச். சவுகார்பேட்டையில மூட்டை தூக்குற ஒருத்தர் பிரஷர் மாத்திரைக்காக வரிசையில நின்னா, அன்னைக்குக் கூலி போச்சு. ரெண்டு மாசம் போவாரு, மூணாவது மாசம் விட்டுடுவாரு. பிரஷர் வலிக்காது இல்லையா, அதனால விட்டது தெரியவே தெரியாது. அப்புறம் ஒரு நாள் கை கால் இழுத்துக்கிட்டு, 108-ல அதே ஆஸ்பத்திரிக்கு வருவாரு.

அதனால எந்த வயசுல எங்க போறதுன்னு தெரிஞ்சுக்கறது பொது அறிவுக்காக இல்ல, கூலி போகாம இருக்கறதுக்காக.

பிரசவத்துக்கு நம்ம பக்கம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி இருக்கு. 1880-ல தொடங்கினது, சவளை ராமசாமி முதலியார் பேர்ல இருக்கு. சென்ட்ரல்கிட்ட சத்திரம் கட்டினாரே, அவரேதான். ஆனா மாசமானதும் முதல்ல போகவேண்டியது ஏரியாவுல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், நம்ம பாஷையில கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி. பிக்மி நம்பர் போடறது, ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கயே. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய் உதவிக்கும் அந்தப் பதிவு வேணும். குழந்தைக்குத் தடுப்பூசியும் அங்கதான்.

ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் ஜன்னல் வழியா எறிஞ்சிருப்போம். அதுவும் வயசுக்கேத்த ஒரு வைத்தியம்தான்.

ஸ்கூல் முடிஞ்சதும் நம்மளத் தேடி யாரும் வர மாட்டாங்க. இருபதுகள்ல இருக்கற நமக்குக் கார்டும் இல்ல, நர்ஸும் இல்ல. இந்த வயசுல வர்றது பெரும்பாலும் தூக்கமின்மை, பதட்டம், பொண்ணுங்களுக்கு ரத்தசோகை. மனசு சரியில்லன்னா 14416-க்குப் பேசலாம், டெலி மானஸ், காசு கிடையாது. முப்பது தாண்டினதும் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில பிரஷர், சுகர் பாக்குறாங்க. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனையும் உண்டு. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, "எனக்கு ஒண்ணும் இல்லடா"ன்னுதான் சொல்லுவாங்க. பரவாயில்ல, கூட்டிட்டுப் போங்க.

மூட்டை தூக்குறவர்கிட்டத் திரும்ப வர்றேன். அவருக்கு பிரஷர் இருக்குன்னு உறுதியாயிட்டா, மாசாமாசம் மாத்திரைக்கு ஜி.எச். வரிசை தேவையில்ல. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வலி தணிக்கற சிகிச்சை, பிசியோதெரபிகூட வீட்டுலயே. என்னைக் கேட்டா, இந்த ஏரியாவுக்கு புதுசா ஒரு பெரிய கட்டிடத்தவிட இது முக்கியம்.

தாத்தா பாட்டி விஷயம் வேற. எழுபது வயசுக்காரருக்கு மயக்கம் வந்தா, சுகர் டாக்டர் சுகரைப் பார்ப்பார், இதய டாக்டர் இதயத்தைப் பார்ப்பார். மாத்திரையும் மாத்திரையும் மோதுறத யார் பார்க்கறது? அதுக்குத்தான் முதியோர் மருத்துவம். 1978-லயே நம்ம ஜி.எச்.ல டாக்டர் வி.எஸ். நடராஜன் இதுக்குத் தனி புறநோயாளிப் பிரிவு ஆரம்பிச்சார், நாட்டுலயே முன்னோடி. இப்போ கிண்டியில தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கு, 2024-ல திறந்தாங்க. போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கின மாத்திரை, நாட்டு மருந்துக் கடைப் பொடி, எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில கொட்டுங்க.