கிணறு கெட்ட பின் சாட்சி தேடுவதா?

(நாலந்தாவில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாலந்தா நீர்த்தேக்கத்திலே எண்ணெய் கலந்தால் கரையில் நிற்கும் சிறுவனும் அதனைக் கண்டு கூவுவான். மண்ணுக்குள்ளே கலந்தால் யார் காண்பார்? நிலத்தடித் தாங்கியிலோ புதைத்த குழாயிலோ ஏற்படும் ஊசித்துளை ஓட்டை பல மாதங்கள் பேசாமலே வேலை செய்யும். ஒரு லீற்றர் பெற்றோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்னும் நஞ்சு இருப்பதாகக் கொண்டால், சில இலட்சம் லீற்றர் நீரைக் குடிக்கத் தகாததாக்க அது போதும்.

இவ்வூரின் வழியே செல்லும் கண்டி வீதி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அதற்கும் வடக்கே சில கல் தொலைவிலுள்ள சுன்னாகத்தில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அங்கே அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளை ஆராய்ந்து, 109 கிணறுகளில் எண்ணெய் வரம்பு மீறியிருக்கக் கண்டது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ தீங்கான மாசு இல்லை என்றது. ஒரே கிணற்று நீருக்கு இரண்டு தீர்ப்புகள்! மக்கள் எதனை நம்பிக் குடிப்பது? வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்ரல் 4ஆம் நாள், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியின்படி, நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

குழாயால் வந்த கேட்டுக்குச் சென்னைத் தண்டையார்பேட்டை சான்று. 2013இல் அங்கே வீட்டுக் குழாய்க் கிணறுகளிலிருந்து நீரோடு எரிபொருள் வந்தது. நிலத்தடியே சென்ற பாரத் பெட்ரோலியம் நிறுவனக் குழாயின் கசிவே காரணமெனக் கண்டறியப்பட்டது. விடயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

இவ்விரு ஊர்களும் கற்பிக்கும் பாடம் யாது? சந்தேகம் எழுந்ததும் முறையாகத் துப்புத் துலக்கவேண்டும் என்பதே. அம்முறை மந்திரமன்று. முதலில் குழாயில் ஏற்றிய அளவையும் மறுமுனையில் இறங்கிய அளவையும் ஒப்பிடவேண்டும். குழாயை அடைத்து அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். பின்னர், கோணம் மாறிய மூன்று இடங்களிலேனும் துளையிட்டு நீர்மட்டத்தை அளந்தால், நிலத்தடி நீர் எத்திசையில் ஓடுகிறது என்பது புலப்படும். மண்ணிடை ஆவியை அளந்தால் கசிவின் இருப்பிடம் நெருங்கும். எடுத்த நீரைப் பிளாஸ்டிக்கில் அன்றிக் கண்ணாடிப் போத்தலில் முத்திரையிட்டு, இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பவேண்டும். பெற்றோலா, டீசலா, உலை எண்ணெயா என்பதை ஆய்வுகூடம் பிரித்துச் சொல்லும். எண்ணெய் தானே தன் பெயரை உரைத்துவிடும்!

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் நீர் வெடிப்புகளூடே விரைந்து பரவும். இங்கே மாத்தளையில் கடும் பாறையின் பிளவுகளே நீரின் வழி. ஆகவே அருகிலுள்ள கிணறு தப்பித் தொலைவிலுள்ள கிணறு கெடவும் கூடும். 'பக்கத்துக் கிணறு நன்றாயிருக்கிறது' என்பது விடையாகாது.

ஆனால் எந்த ஆய்வுக்கும் ஒரு தேவை உண்டு: கெடுவதற்கு முன் நீர் எப்படியிருந்தது என்ற குறிப்பு. அக்குறிப்பு இல்லாத கிணற்றுக்காரன் நீதிமன்றத்தில் வெறுங்கையுடன் நிற்பான். இலங்கையும் இந்தியாவும் 2023இல் எண்ணெய்க் குழாய்ப் பாதை பற்றிப் பேசின; திருகோணமலையை எரிசக்தி மையமாக்க, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாடுகளும் 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்பாடு செய்தன. அபிவிருத்தியை நாம் எதிர்க்கவில்லை. அதன் விலையை உழவனின் கிணறு செலுத்தக்கூடாது என்கிறோம்.

எனவே மூன்று கோரிக்கைகள். நிலத்தடித் தாங்கி, குழாய் ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள கிணறுகளை இன்றே சோதித்துப் பதிவு செய்க. ஆய்வின் முடிவைக் கிணற்றுக்காரனுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் தருக. ஐயம் எழுந்த நாளிலேயே, தீர்ப்பு வரும்வரை காத்திராமல், மாற்றுக் குடிநீர் வழங்குக.

கிணற்றின் சாட்சியை இன்றே எழுதிவைப்போம். நாளை அதுவே நமக்காகப் பேசும்.