நீறு பூத்த நெருப்பு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



தை, மாசி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குப் பள்ளித் திடலில் நின்று அண்ணாந்து பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையாக நிற்கும். ஓரியன் என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். நம் திருவாதிரையும் அதில்தான் இருக்கிறது. அந்த மூன்றுக்கும் பக்கத்தில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் தெரியும். அது வாயுவும் தூசியும் கலந்த மேகம். அதற்குப் பின்னால் இன்னும் பெரிய இருண்ட மேகம் உண்டு. தூரம் சுமார் 1,300 ஒளியாண்டுகள்.

அது வெறும் இருட்டல்ல. நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. ஆனால் சுற்றியுள்ள தூசி அதன் ஒளியை வெளியே விடுவதில்லை.

பிறகு எப்படிக் கண்டார்கள்? நீறு பூத்த நெருப்பைப் பார்த்தால் கண்ணுக்குச் சாம்பல்தான் தெரியும். கையைக் கிட்டே கொண்டு போனால் சூடு தெரியும் அல்லவா? அந்தச் சூட்டைக் கொண்டு வருவதுதான் அகச்சிவப்புக் கதிர். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியை வைத்து அதைக் கண்டுபிடித்தார். அதன் அலை நீளமானது. ஆகவே தூசியைத் தாண்டி வந்துவிடும்.

அமெரிக்காவில் பெக்லின் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் நியூகெபவரும் அகச்சிவப்புக் கருவியால் ஓரியனைத் துழாவினார்கள். சாதாரணத் தொலைநோக்கிக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் பெரியதோர் இளம் நட்சத்திரம் இருந்தது! 1967-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு இருவர் பெயரும் நிலைத்தது.

2021 டிசம்பர் 25-இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று இதே வேலையைச் செய்கிறது. தன் சூடே தன் பார்வையைக் கெடுத்துவிடும் என்பதால், வெயிலுக்குக் குடை பிடித்துத் தன்னைக் குளிரவைத்துக்கொண்டு பார்க்கிறது.

"வாத்தியாரே, இவனுக்குப் படிப்பு ஏறல; ஆறாம் ஆண்டோட நிறுத்திடுறேன்" என்று சொல்லும் பெற்றோர்களே! இன்று மேடை ஏறாத பிள்ளையைக் கோபச் சூட்டோடு பார்க்காதீர்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். மனம் ஆறிக் கிட்டே போய்ப் பாருங்கள்; கனல் உள்ளே இருக்கும். சூரியனைப் போன்ற ஒன்று நிலைபெற்று எரியச் சில கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஐந்தாம் படிவம் வரை நாம் ஐந்தே ஆண்டு பொறுக்கக் கூடாதா?