பேரீச்சையும் உலர்கனிகளும்: இல்லச் சமையலில் இனிப்பின் அளவு
(திருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படும் காவடிகளும் பால்குடங்களும், நடந்து, 1859ஆம் ஆண்டில் நகரத்தார் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்தைச் சென்றடைகின்றன. அத்தண்டாயுதபாணியின் தலைப்பதியாகிய பழனியில் புகழ்பெற்ற பிரசாதம் பஞ்சாமிர்தம். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் அதில் சேர்கின்றன. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பிரசாதத்தில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை; கெடாமல் காக்கும் செயற்கைப் பொருளும் இல்லை. ஆயினும் அது பல நாள் கெடாமல் இருக்கின்றது.

இதற்குக் காரணம் எளியது. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர்வதற்கு நீர் வேண்டும். அடர்ந்த இனிப்பு, இருக்கும் நீரையும் தன்பால் பிணித்துக்கொள்வதால், அவ்வுயிர்களுக்கு நீர் கிட்டுவதில்லை. உலர்ந்த பழங்கள் கெடாதிருப்பதும் இந்த முறையினாலேயே. எனவே பஞ்சாமிர்தத்தை அறிந்தவர் உலர்கனியின் இயல்பையும் அறிந்தவரே ஆவர்.

இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. இத்தனை இனிப்புகள் திரண்ட அப்பிரசாதத்தை ஆலயத்தில் எவ்வளவு வழங்குகின்றனர்? உள்ளங்கையில் ஒரு சிறு கரண்டி. அந்த அளவை இல்லத்துச் சமையலறைக்கும் கொண்டு செல்லலாகாதா என்பதே இவ்வுரையின் பொருள்.

பெயரும் வரவும்

பெரிய ஈச்சை என்பதே பேரீச்சை. தமிழகத்தின் காடுகரைகளில் தானே வளரும் ஈச்சமரத்தின் இனத்தைச் சேர்ந்ததாயினும், அதனினும் பெருங்கனி தருவதால் இப்பெயர் பெற்றது. மேற்காசியாவின் பாலைநிலங்களே அதன் தாயகம். கடல்வழி வணிகத்தால் வந்த அக்கனி, இன்று சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைதோறும் கிடைக்கின்றது. பஃப்ளோ சாலை, கேம்பல் லேன் பகுதிகளிலும் சையது ஆல்வி சாலை முஸ்தபா அங்காடியிலும் மென்மையான பெரிய மெட்ஜூல் முதல், கல்போல் இறுகிய உலர் பேரீச்சை வரை பல வகைகளைக் காணலாம். மராட்டிய மாநிலத்துச் சாங்லிப் பகுதி உலர்திராட்சைக்குப் பெயர்பெற்றது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அத்திப்பழமும் பாதாமியும் அவற்றுக்கு அருகிலேயே அடுக்கப்பெற்றிருக்கும்.

இந்நகரின் அண்டை வீட்டாருக்கும் உலர்கனிகள் உரியவையே. நோன்புக் காலத்தில் முஸ்லிம் அன்பர்கள் பேரீச்சம்பழம் உண்டு நோன்பு துறக்கின்றனர். சீனர் இல்லங்களில் செம்பேரீச்சையையும் உலர்ந்த லொங்கான் பழத்தையும் நீரிலிட்டுக் காய்ச்சிப் பருகுகின்றனர். செம்பேரீச்சை எனப் பெயர் வழங்கினும் அது பேரீச்சை இனமன்று. தமிழ்நாட்டுச் சிறுவர் விரும்பிப் பொறுக்கும் இலந்தைக்கு உறவுடையது. ஆகவே ஒன்றிற்குச் சொன்ன பயனை மற்றொன்றிற்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

உலரும்போது நிகழ்வது

பசிய திராட்சையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஏறத்தாழ 4 கிலோ திராட்சை உலர்ந்தால் 1 கிலோ உலர்திராட்சையாகின்றது. நீர் போயிற்று, சர்க்கரை போகவில்லை. 100 கிராம் பச்சைத் திராட்சையில் ஏறத்தாழ 15 கிராமாக இருந்த சர்க்கரை, 100 கிராம் உலர்திராட்சையில் 60 கிராமுக்கும் மேலாகின்றது. பேரீச்சையிலும் 100 கிராமில் 60 முதல் 66 கிராம் வரை சர்க்கரையே. நார்ச்சத்து 7 அல்லது 8 கிராம்.

ஒரு கொத்துத் திராட்சையை உண்டவர் வயிறு நிறைந்து நிறுத்திவிடுவார். அதே கொத்து உலர்ந்தபின் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுவதால், பேச்சோடு பேச்சாக இரண்டு கைப்பிடி உட்சென்றுவிடும். குற்றம் கனியினுடையதன்று; சிறுத்த உருவம் கண்ணை ஏமாற்றுகின்றது.

பழந்தானே என்னும் எண்ணம்

இன்று பல இல்லங்களில் காணும் காட்சி ஒன்றுண்டு. மருத்துவர் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துள்ளது எனக் கூறியதும், அவ்வீட்டு அன்னையார் தேநீரில் இட்ட ஒரு கரண்டிச் சர்க்கரையை அன்றே நிறுத்திவிடுகின்றார். போற்றத்தக்க உறுதி! ஆனால் காலையில் நான்கு பெரிய பேரீச்சம்பழங்களை உண்கின்றார். கேட்டால், "பழந்தானே!" என்கின்றார். ஒரு பெரிய மெட்ஜூல் பழத்தில் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரை உண்டு. அது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஒப்பாகும். ஒரு கரண்டியை விலக்கியவர் பதினாறு கரண்டியை ஏற்றுக்கொண்டார்.

இது சிரித்துக் கடந்துவிடும் செய்தியன்று. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியருள் 17.2 விழுக்காட்டினரிடம் நீரிழிவு காணப்பட்டது. மலாய்க்காரருள் அது 16.6 விழுக்காடு, சீனருள் 9.7 விழுக்காடு. 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. பார்வை மங்குதல், கால் புண் ஆறாமை, சிறுநீரகம் பழுதாதல் என இந்நோய் தரும் துன்பங்களைக் காணாத குடும்பம் சிலவே.

எனினும் உலர்கனியை அடியோடு தள்ள வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐந்து வகைப் பேரீச்சைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு ஒன்றில், அவை இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் வேகம் நீரிழிவு உடையோரிடத்தும் குறைவாகவே காணப்பட்டது. நாரும் சதையும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெல்லவே கலக்கின்றது. ஆயின் அவ்வாய்வு அளந்து தந்த அளவைக் கொண்டே நடந்தது என்பதை மறத்தலாகாது. நாரை நீக்கி வடித்த பேரீச்சைப் பாகுக்கும் இச்சலுகை இல்லை. அதனைச் சர்க்கரை என்றே கொள்ளல் வேண்டும்.

ஆகவே விதி ஒன்றே: உலர்கனி சர்க்கரைக்குப் பதிலாக வரலாம், சர்க்கரைக்கு மேலாக வரலாகாது.

அடுக்களையில் செய்முறை

பாயசத்திற்குச் சர்க்கரையும் இட்டு, அதன்மேல் பேரீச்சையும் திராட்சையும் அள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறன்றி, வழக்கமாக இடும் சர்க்கரையில் பாதியை நிறுத்திவிட்டு, எட்டுச் சிறிய பேரீச்சம்பழங்களைக் கொட்டை நீக்கி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீருடன் அரைத்துச் சேர்க்கலாம். கொதிக்கும் பாலில் சேர்த்தால் பால் திரிந்துவிடக்கூடும். அடுப்பினின்று இறக்கிச் சற்று ஆறியபின் கலத்தல் நன்று. நெய்யில் பொரிக்கும் திராட்சை ஓர் இலைக்கு ஐந்தாறு போதும். அவை பந்துபோல் உப்பியவுடன் எடுத்துவிட வேண்டும், கருகினால் கசக்கும்.

எள்ளுருண்டைக்கு வெல்லப்பாகின் பதம் பார்ப்பது இளந்தலைமுறைக்கு எளிதாக இல்லை. ஒரு கோப்பை வறுத்த எள்ளுடன் முக்கால் கோப்பை கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சையைச் சேர்த்து இடித்தால், பாகின்றியே உருண்டை பிடிக்க வரும். ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை போதும். நெல்லிக்காய் அளவில் பிடித்து, ஒருவருக்கு ஒன்று என வைத்தல் முறை.

வடைக்கும் போண்டாவுக்கும் தொட்டுக்கொள்ள, பதினைந்து சிறிய பேரீச்சம்பழங்களையும் நெல்லிக்காய் அளவு புளியையும் ஊறவைத்து அரைத்து வடிகட்டி, சுக்குப்பொடி, வறுத்த சீரகப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்தால் இனிப்புச் சட்னி ஆயிற்று. சர்க்கரையோ வெல்லமோ வேண்டா. குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். தயிரன்னத்தில் ஒரு மேசைக்கரண்டி உலர்திராட்சை கலந்தால், சோறு உண்ண மறுக்கும் பிள்ளைகளும் விரும்பி உண்பர். மிகச் சிறிய குழந்தைகளுக்கு மட்டும் நறுக்கியே தருதல் வேண்டும்; முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இரும்புச்சத்தும் பிற கருத்துகளும்

பேரீச்சம்பழம் உண்டால் இரத்தம் ஊறும் என்பது தாய்மார்கள் வழிவழியாகக் கூறிவரும் சொல். அதில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி பெண்ணுக்கு நாள்தோறும் வேண்டுவது 29 மில்லிகிராம். இரண்டு பழங்களால் இக்குறை தீராது. கீரை, பருப்பு வகை, கேழ்வரகு ஆகியவற்றை எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்களோடு உண்பது கூடுதல் பயன் தரும். சோகை நோய் கண்டவர் பேரீச்சையை நம்பி மருத்துவரைக் காணாதிருத்தல் தீங்கில் முடியும்.

சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உலர்கனிகளில் பொட்டாசியம் மிகுதி. 100 கிராம் பேரீச்சையில் 650 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பழுதுற்ற சிறுநீரகம் அதனை வெளியேற்ற மாட்டாது. ஆதலின் அத்தகையோர் மருத்துவர் அனுமதியின்றி ஒரு பழமும் உண்ணலாகாது. அவர்கள் வேண்டாவென்று மறுக்கும்போது, விருந்தோம்பும் இல்லத்தார் வற்புறுத்தாமல் விடுவதே அன்பு.

வாங்குதலும் காத்தலும்

பளிச்சென்ற மஞ்சள் நிறப் பாதாமியும் பொன்னிறத் திராட்சையும் பெரும்பாலும் கந்தகப் புகையூட்டி நிறம் காக்கப்பட்டவை. ஈளை நோய் உடைய சிலருக்கு அது மூச்சுத் திணறலைத் தரும். உணவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருப்பின், பொட்டலத்தில் அதனைக் குறிப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு விதி. எழுத்தைப் படித்து வாங்குவது நலம். சில பொட்டலங்களில் சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ சேர்க்கப்பட்டிருப்பதையும் அங்கேயே அறியலாம்.

இத்தீவின் ஈரக்காற்றில் திறந்து வைத்த கனி விரைவில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத கலத்திலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். பேரீச்சையின்மேல் வெண்மையாகப் படிந்திருப்பது நீரில் கரைந்தால் அது வெளிவந்த சர்க்கரை; பஞ்சுபோல் இருந்து புளித்த மணம் வீசினால் பூஞ்சை; அதனை எறிந்துவிடுக. நைவேத்தியத்திற்கு ஆயினும் பிள்ளைகளுக்கு ஆயினும், ஒவ்வொரு பழத்தையும் பிளந்து உள்ளே புழுவோ கொட்டையோ இல்லை எனக் கண்டபின்பே பயன்படுத்துவது மூத்தோர் கைக்கொண்ட நன்முறையாகும்.

நிறைவாக

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து எனப் பெயர் பெற்றது. அதில் வள்ளுவர் மூலிகைகளின் பெயரைப் பட்டியலிடவில்லை. அளவறிந்து உண்பதையும், முன்னுண்டது செரித்தபின் உண்பதையுமே பெரிதும் வற்புறுத்தினார். உலர்கனிக்கும் அதுவே நெறி. உடல்நலம் உடையோர்க்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று சிறிய பேரீச்சை அல்லது ஒரு மேசைக்கரண்டித் திராட்சை போதுமான இனிப்பு. நீரிழிவு உடையோர் அதனையும் அன்றைய சோற்றின் கணக்கிலும் பழத்தின் கணக்கிலும் சேர்த்துக் கொள்ளல் வேண்டும்.

படையலுக்கு இனிப்பு வேண்டும். அவ்வினிப்பைப் பாட்டனார் முதல் பேரப்பிள்ளை வரை அனைவரும் அஞ்சாமல் உண்ணவும் வேண்டும். அடுத்த திருநாளில் பாயசம் காய்ச்சும் தாய்மார்கள், சர்க்கரைக் கலத்திலிருந்து பாதியைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, அவ்விடத்தில் எட்டுப் பேரீச்சம்பழங்களை ஊறவைப்பாராக. பரிமாறும்போது பஞ்சாமிர்தம் வாங்கிய அந்த ஒரு கரண்டியை நினைவிற் கொள்வாராக. இல்லந்தோறும் நலமும் நிறைவும் பெருக எல்லாம்வல்ல இறையருள் துணைநிற்பதாக!