மலைப் பந்தயம்: எது நமக்கு ஏற்றது?

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் மூத்தோருக்காக நடந்த உடல்நலச் சந்திப்பில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



தேக்காவில் காய்கறி வாங்கிய பையோடு சிலர் வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயர்க் காரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். 1933 வரை குதிரைப் பந்தயம் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது. அந்தத் திடல்தான் பிறகு ஃபேரர் பார்க் ஆனது. அங்கே எங்கள் நடைக்குழு வாரம் மூன்று நாள் காலையில் நடக்கிறது. எனக்கு வயது 67. குழுவில் என்னைவிட மூத்தவர்கள் நான்கு பேர்.

இப்போது நம் வயதினர் சிலர் மலைப் பாதை ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் போகிறார்கள், நாமும் போகலாமே என்ற ஆசை. அது நல்ல ஆசை. அதைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் எந்தப் பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் ஒருமுறை தவறு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

படத்தைப் பார்த்துப் பெயர் கொடுத்த கதை

அப்போது எனக்கு வயது 62. வெளிநாட்டு மலைப்பகுதி ஒன்றில் 12 கிலோமீட்டர் ஓட்டம். விளம்பரத்தில் தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் அழகாக இருந்தன. "12 கிலோமீட்டர்தானே, ஈஸ்ட் கோஸ்டில் நடக்காததா?" என்று நானும் என் தோழியும் பெயர் கொடுத்துவிட்டோம். மொத்த ஏற்றம் 800 மீட்டர் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதன் பொருளை நாங்கள் யோசிக்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். என் தோழிக்கு நீரிழிவு. பதற்றத்தில் சரியாகச் சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். ஆறாவது கிலோமீட்டரில் அவருக்குக் கை நடுங்கியது. குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. நான் கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாமல் பதில் சொன்னார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஆனால் என் பையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. முப்பது ஆண்டு தாதியாக வேலை பார்த்தவள் நான்! பின்னால் வந்த ஓர் இளைஞர் இனிப்புப் பானம் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தோழி தெளிந்தார். அந்த இளைஞர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று நாங்கள் பந்தயத்தை முடிக்கவில்லை. குறை எங்களுடையதுதான். பெயர் கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகளை நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதல் கேள்வி: ஏற்றம் எவ்வளவு?

சிங்கப்பூரில் ஆக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. அதன் உயரம் 163 மீட்டர்தான். எனவே மலை என்றால் என்ன என்று நம் கால்களுக்குத் தெரியாது. தூரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

ஏற்றத்தை வீவக மாடிகளாக மாற்றிப் பாருங்கள். ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர். பத்து மாடி ஏறினால் 28 மீட்டர். நான் பெயர் கொடுத்த 800 மீட்டர் என்பது பத்து மாடியை 28 முறைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். இதை முன்பே கணக்குப் போட்டிருந்தால் அந்தப் படத்தை மடித்து வைத்திருப்பேன்.

மலை ஓட்டக்காரர்களிடம் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகக் கருதித் தூரத்தோடு கூட்டுவார்கள். 12 கிலோமீட்டரோடு 8 கூட்டினால் 20. ஆக, நான் பெயர் கொடுத்தது 20 கிலோமீட்டர் உழைப்புக்கு. ஏறிய அளவு இறங்கவும் வேண்டும். இறக்கத்தில்தான் முழங்காலும் தொடையும் அதிகம் பாடுபடும், வழுக்கி விழுவதும் அங்கேதான் அதிகம். நம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடக்கப் பல மாதங்கள் ஆகலாம்.

இரண்டாவது கேள்வி: கால வரம்பு எவ்வளவு?

பந்தயம் ஒவ்வொன்றுக்கும் முடிக்கவேண்டிய நேரம் உண்டு. அதற்குள் நம்மால் முடியுமா என்று வீட்டிலேயே கணக்கிடலாம். ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார். நடக்க 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

என் பந்தயத்தைப் பார்ப்போம். 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடம். 800 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடம். மொத்தம் 3 மணி 44 நிமிடம். இது நல்ல உடல்வலிமை உள்ளவருக்கான கணக்கு. எனக்குக் கொடுத்த கால வரம்போ மூன்றரை மணி நேரம்! தொடங்குமுன்பே நான் தோற்றிருந்தேன்.

நம் வயதில் நைஸ்மித் கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. கூட்டிய பிறகும் கால வரம்புக்குள் வந்தால் அந்தப் பந்தயம் நமக்கு ஏற்றது. வராவிட்டால் அவசரப்படுவோம். அவசரம்தான் விழவைக்கும்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு உயரத்தில், எந்த வானிலையில்?

ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் குளிர் சுமார் 6 பாகை செல்சியஸ் கூடும். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் போன்ற உயர நோய் யாருக்கும் வரலாம். சாபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர். அங்கு 1987 முதல் மலையோட்டம் நடந்திருக்கிறது. அது மிகக் கடினமான பந்தயம், முதல் பந்தயமாக அதை யாரும் எடுக்கக்கூடாது. ஊருக்குப் போகும்போது ஊட்டியில் ஓடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு பிறகு ஓடுங்கள்.

2021 மே 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடந்தது. நடுவழியில் திடீரென்று குளிர்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் வந்தன. பலர் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் அனுபவமிக்க வீரர்களும் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை அந்தப் பந்தயத்தில் கட்டாயம் ஆக்கப்படவில்லை. ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைத் தம் குகைக்குள் சேர்த்துக் காப்பாற்றினார்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஏற்பாட்டாளர்களிடம் நாம் கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் நிலையம்? மருத்துவர் எங்கே இருப்பார்? நடுவில் விலகினால் வண்டி வருமா? வானிலை கெட்டால் பந்தயத்தை நிறுத்துவார்களா? மழைச்சட்டை, விசில், தலைவிளக்கு கட்டாயமா? கட்டாயப் பட்டியல் நீளமாக இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உயிரை மதிக்கும் ஏற்பாட்டாளர் என்று அர்த்தம்.

நான்காவது கேள்வி: என் உடல் இதற்குத் தயாரா?

இதற்குப் பதில் சொல்லவேண்டியவர் உங்கள் குடும்ப மருத்துவர். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்கள் உங்கள் மருந்தகத்திலேயே கேட்கலாம். பந்தயத்தின் தூரம், ஏற்றம், உயரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "ஓடலாமா?" என்று மட்டும் கேட்டால் மருத்துவருக்கும் பதில் சொல்வது கடினம்.

மருந்துகளைப் பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள். இன்சுலினும் சில நீரிழிவு மாத்திரைகளும் நீண்ட நேரம் உழைக்கும்போது சர்க்கரையை அதிகம் இறக்கிவிடும். சிறுநீரைக் கூட்டும் இரத்த அழுத்த மாத்திரை போடுபவர்களுக்கு வெயிலில் உடல்நீர் வற்றக்கூடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவர்கள் கைக்கடிகாரத்தில் காட்டும் துடிப்பை வைத்து உழைப்பை அளவிட முடியாது. மூட்டுவலிக்காக வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடல்நீர் குறைந்த நேரத்தில் அவற்றில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் பையில் இனிப்புப் பானமோ குளுக்கோஸ் மாத்திரையோ வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் நின்றுவிடுங்கள். சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி அளவு எடுத்துக்கொண்டு 15 நிமிடம் காத்திருங்கள். சரியாகாவிட்டால் மறுபடியும் எடுத்துக்கொண்டு உதவி கேளுங்கள். கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

வெளிநாட்டுப் பந்தயம் என்றால் பயணக் காப்புறுதியையும் படித்துப் பாருங்கள். சில காப்புறுதிகள் பந்தயத்தில் ஏற்படும் காயத்தையோ குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதையோ ஏற்பதில்லை. மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டில் பெறும் சிகிச்சைக்குப் பயன்படாது.

மலை இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது?

குறைந்தது நான்கு மாதம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது எல்லாருக்குமான அடித்தளம். பேச முடியவேண்டும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

தரை பழக ரயில் காரிடார் நல்லது. 2011இல் மலாயா ரயில் சேவை நின்ற பிறகு கிடைத்த 24 கிலோமீட்டர் பாதை அது. பெரும்பாலும் சமதளம் என்பதால் தொடக்கத்துக்கு ஏற்றது. அடுத்து சதர்ன் ரிட்ஜஸ். மவுண்ட் ஃபேபரும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலமும் அந்தப் பாதையில்தான் வரும், ஏற்ற இறக்கம் மெல்லப் பழகும். வேர்களும் கற்களும் உள்ள பாதைக்கு மெக்ரிட்சி. அங்கே குரங்குகள் உண்டு, சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். கடைசியாகப் புக்கிட் தீமா. தார்ச்சாலையில் ஏறி, அதே சாலையில் நிதானமாக இறங்குங்கள். இடி இடித்தால் பயிற்சியை நிறுத்திக் கூரைக்குக் கீழே போய்விடுங்கள்.

மழை நாளில் வீவக படிக்கட்டு போதும். முதல் மாதம் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் பழகுங்கள். வீட்டில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை. சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நில்லுங்கள். வாரம் மூன்று நாள் இப்படிச் செய்தால் சமநிலை கூடும். துடிப்பாக மூப்படையும் நிலையங்களிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

திரும்பி வருவதும் ஒரு தேர்வுதான்

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், வெயிலில் குழப்பம். இவற்றில் ஒன்று வந்தாலும் நின்றுவிடுங்கள். "கொஞ்ச தூரம்தான், முடித்துவிடலாம்" என்று நினைக்கவேண்டாம். சிங்கப்பூரில் 995ஐ அழையுங்கள். மலேசியாவில் 999, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மலையில் கைப்பேசி எடுக்காத இடங்கள் உண்டு, அதனால் தனியாக ஓடாதீர்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் வலியைச் சொல்லமாட்டோம். என் தோழியும் அன்று முக்கால் மணி நேரம் தலைச்சுற்றலை மறைத்திருக்கிறார். "உனக்குத் தொந்தரவாக இருக்கவேண்டாம் என்று பார்த்தேன்" என்றார். அவர் முன்பே சொல்லியிருந்தால் எனக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. அவர் மயங்கி விழுந்திருந்தால் ஆயுள் முழுக்க என்னால் மறந்திருக்க முடியாது.

போன ஆண்டு நாங்கள் இருவரும் மறுபடியும் ஒரு பந்தயத்துக்குப் போனோம். இம்முறை படத்தைப் பார்க்கவில்லை. 8 கிலோமீட்டர், 250 மீட்டர் ஏற்றம், கால வரம்பு நான்கு மணி நேரம். நைஸ்மித் கணக்கில் இரண்டு மணி, பாதியைக் கூட்டினால் மூன்று மணி. மருத்துவரிடம் தாளைக் காட்டினோம். ஃபேரர் பார்க்கிலும் புக்கிட் தீமாவிலும் நான்கரை மாதம் பழகினோம். 2 மணி 50 நிமிடத்தில் முடித்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மூன்று பேர்தான். தோழியின் பையில் குளுக்கோஸ் மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது. பதக்கத்தைவிட அதைப் பார்த்துத்தான் எனக்கு மகிழ்ச்சி.

பெயர் கொடுக்க விரும்பும் யாராக இருந்தாலும் அந்தத் தாளை எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்து, "இது வேண்டாம், சதர்ன் ரிட்ஜஸில் நடக்கிறேன்" என்று முடிவு செய்தாலும் அதுவும் நல்ல தேர்வுதான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் அங்கேதான் இருப்போம்.

பெயர் கொடுக்குமுன்

• மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டரையும் ஒரு கிலோமீட்டராகத் தூரத்தோடு கூட்டுங்கள்.
• 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி, அதோடு பாதி நேரம் கூடுதல். கால வரம்புக்குள் வருகிறதா?
• உயரம், குளிர், தண்ணீர் நிலையம், மருத்துவ உதவி பற்றி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.
• பந்தய விவரங்களையும் மருந்துப் பட்டியலையும் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள்.
• குறைந்தது நான்கு மாதம் பழகுங்கள். துணையோடு செல்லுங்கள்.
• உடல் சரியில்லை என்றால் உடனே சொல்லுங்கள், நின்றுவிடுங்கள்.