உடற்பருமன் சிகிச்சையும் உள்நோக்குக் குழாயும்
(திருத்தணியில் கூடிய நம் சங்கத்தார் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



முருகப்பெருமானைத் தரிசிக்க 365 படிகளேற மூச்சிரைக்கும் நம்மவர் சிலர், இரைப்பையைக் குறைக்கும் ரண சிகிச்சை வேண்டிச் சென்னைக்குச் செல்லக் காண்கின்றோம். அன்னார், ‘எண்டோஸ்கோபி எற்றுக்கு? வீண் செலவன்றோ?’ என வினவுகின்றனர். அவ்வெண்ணம் தவறென்பதே யாம் கூறவந்தது.

1954-ஆம் ஆண்டில் பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸும் கண்ணாடியிழைக் கற்றை வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டினர். வளையும் உள்நோக்குக் குழாய்க்கு அஃது அடிகோலிற்று. வாய்வழிச் செல்லும் அக்குழாய், புண், கட்டி முதலியவற்றைச் சிகிச்சைக்கு முன்னரே அறிவிக்கும். பைபாஸ் முறையில் தனித்து விடப்படும் இரைப்பைப் பகுதியைப் பின்னர்க் குழாய் எளிதில் அணுகாது. ஆதலின் முன்னே காண்டல் நன்று.

பின்னரும் அதற்குத் தொழிலுண்டு. இணைப்புச் சுருங்கி உணவு இறங்காவிடின், அதன்வழிச் செலுத்தும் பலூன் விரித்துதவும். குழல்போல் இரைப்பையைக் குறைத்துக்கொண்டோர்க்கு, அமிலம் மேலெழுந்து உணவுக்குழாயைக் கெடுத்தலுமுண்டு. நெஞ்செரிவின்றியும் அது நேரும்.

எம் உறவினரொருவர்க்கு இவ்வாறு புண் முன்னரே வெளிப்பட்டது. அஃது ஆறிய பின்னரே சிகிச்சை பெற்றார். இன்று இளைப்பின்றிப் படியேறுகின்றார்.

ஆதலின் அச்சமும் நாணமும் விடுத்து, மருத்துவர் குறித்த நாளில் சோதனைக்குச் செல்வீராக. உடல் உள்ளவன்றோ அறமும் உள!