மடக்கினா டேப்லெட், விரிச்சா லேப்டாப்: காட்டுப்பள்ளி சைட்டுக்கு ஸ்பெக்டர் எக்ஸ்360 சரிப்படுமா?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு லேப்டாப்பைப் பத்திதான் பேசப்போறோம். காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கத்துல ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில சைட் இன்ஜினியரா இருக்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஹெச்பி ஸ்பெக்டர் எக்ஸ்360, 14 இன்ச் வாங்கலாமா? ட்ராயிங்கை பிரிண்ட் எடுக்காம ஸ்க்ரீன்லயே மார்க் பண்ணணும்னு ஆசை. கம்பெனி தராது, என் காசுதான். இ.எம்.ஐ. போட்டுத்தான் வாங்கணும்."

இ.எம்.ஐ.ன்னு சொன்னதுனால கொஞ்சம் நிதானமாவே பார்ப்போம்.

முதல்ல மெஷின் என்னன்னு சொல்லிடறேன். 360 டிகிரி திரும்பற கீல் வச்ச லேப்டாப்பை பரவலாக்கினது லெனோவோ யோகா. 2012-ல விண்டோஸ் 8 கூடவே வந்துச்சு. ஹெச்பி 2015-ல ஸ்பெக்டர் எக்ஸ்360-ஐக் கொண்டுவந்தாங்க. நேயர் கேட்கிறது 2024 மாடல். இன்டெல் கோர் அல்ட்ரா ப்ராசஸர், 2880-க்கு 1800 ஓஎல்இடி ஸ்க்ரீன், 120 ஹெர்ட்ஸ், எடை சுமார் 1.44 கிலோ. இந்தியாவில் அறிமுக விலை 1,64,999 ரூபாயில் ஆரம்பிச்சது.

நல்லதை முதல்ல சொல்றேன். ஸ்க்ரீன் அருமை. உயரம் கொஞ்சம் கூடுதலான 16:10 அளவு. ட்ராயிங் பார்க்கும்போது டூல்பார் போக மீதி இடம் நிறைய கிடைக்கும். மெல்லிய கோடு, சின்ன எழுத்துல இருக்கிற டைமென்ஷன் எல்லாம் பெரிசாக்காமலே படிக்கலாம். பேனா தனியா வாங்க வேண்டாம், பெட்டியிலயே வருது. கீபோர்டு நல்லா இருக்கு. ரெண்டு தண்டர்போல்ட் 4 போர்ட், கூடவே பழைய யுஎஸ்பி-ஏ போர்ட் ஒண்ணு. சைட்டுல வேலை பார்க்கிறவங்களுக்கு அந்தப் பழைய போர்ட்டோட அருமை தெரியும். பென் டிரைவ், சாஃப்ட்வேர் லைசன்ஸ் டாங்கிள் எல்லாம் இன்னும் அதுலதான் சொருகறோம்.

இப்போ குறைகள். இதை ரெண்டா பிரிக்கணும்: எந்த ஊர்லயும் இருக்கிற குறை, காட்டுப்பள்ளி மாதிரி இடத்துல மட்டும் பெரிசாகிற குறை.

எங்கேயும் இருக்கிறது: ராம் போர்டுலயே ஒட்டியிருக்கும், பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபி வாங்கினா கடைசிவரைக்கும் 16 ஜிபிதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இந்த 14 இன்ச்ல கிடையாது. 2டி ஆட்டோகேட் ஓடும். முழு பிளான்ட்டோட 3டி மாடலைத் திறந்தா திணறும். ஓஎல்இடி-யில இன்னொரு விஷயம், ஒரே டூல்பார் ஒரே இடத்துல வருஷக்கணக்கா நின்னா அதோட நிழல் பதிய வாய்ப்பு இருக்கு. ஆட்டோகேட்டை நாள் முழுக்க திறந்து வச்சிருக்கிறவங்க இதை யோசிக்கணும்.

பேட்டரி 68 வாட்-அவர். கணக்கு சுலபம். மெயில், பிடிஎஃப்னு சராசரியா 7 வாட் இழுத்தா ஒன்பதரை மணி நேரம் வரும். வெளிச்சத்தைக் கூட்டி, கேட் ஓட்டி 14 வாட் இழுத்தா அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். விளம்பரத்துல போடற மணிக்கணக்கை விட்டுட்டு உங்க வேலையை வச்சு இப்படிக் கணக்குப் போடுங்க.

இனி காட்டுப்பள்ளிக்கு வருவோம். கடல் ஒட்டின இடம். உப்புக்காத்து, மணல், தூசி, சுத்திவர தடுப்பே இல்லாத வெயில். இந்த ஸ்க்ரீனோட வெளிச்சம் சாதாரண நிலையில 400 நிட்ஸ். ஆபீஸுக்குத் தாராளம். ஆனா மேல கண்ணாடி பளபளன்னு இருக்கிறதால, திறந்தவெளியில காலை பத்து மணிக்கு மேல ட்ராயிங்கை விட உங்க ஹெல்மெட்தான் அதுல தெளிவா தெரியும். வெளியில வேலை செய்யறதுக்குன்னே வர்ற பானசோனிக் டஃப்புக் 33-ல 1200 நிட்ஸ், தூசிக்கும் தண்ணிக்கும் ஐபி65 பாதுகாப்பு. ஸ்பெக்டருக்கு அந்த மாதிரி ஐபி ரேட்டிங் எதுவும் இல்லை. ஃபேன் காத்தை இழுக்கும்போது தூசியையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

அடுத்தது கை. சாதாரண வேலை கிளவுஸ் போட்ட விரலுக்கு இந்த டச் ஸ்க்ரீன் அசையாது. வேர்த்த விரல் தப்பான இடத்துல தொடும். பேனா இருந்தா சமாளிக்கலாம். ஆனா மடக்கி டேப்லெட்டாக்கினா கிட்டத்தட்ட ஒன்றரை கிலோவை ஒரே கையில ஏந்தி நிக்கணும், இன்னொரு கையால எழுதணும். அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, மணிக்கட்டு பதில் சொல்லும். ஸ்காஃபோல்டிங் மேல ஏறி நிக்கிறப்போ ரெண்டு கையையும் லேப்டாப்புக்குக் கொடுக்கிறது பாதுகாப்பும் இல்லை.

அப்போ இந்த மெஷின் யாருக்கு? என் அபிப்பிராயம், இது சைட் ஆபீஸ் மெஷின். ஏ.சி. கன்டெய்னர்ல மேஜை மேல மடக்கி வச்சு, மீட்டிங்ல எதிர்ல இருக்கிறவருக்கும் காட்டி, ட்ராயிங்ல சிவப்பு மையில குறிக்கிறதுக்கு இதைவிட வசதி கிடையாது. வெளியில போய் நிக்கிற வேலைக்கு இது பொருந்தாது.

நேயருக்கு ஒரு யோசனை. ரெண்டு வாரம் ஒரு நோட்டுல குறிச்சு வையுங்க: ஒரு நாளைக்கு எத்தனை தடவை ட்ராயிங்கை மார்க் பண்றீங்க, அதுல எத்தனை மேஜையில, எத்தனை வெளியில நின்னுக்கிட்டு. பெரும்பாலும் மேஜைன்னா இந்த கன்வெர்டிபிள் தன் காசுக்கு வேலை செய்யும். பெரும்பாலும் வெளியிலன்னா, வேலைக்கு ஏத்த சாதாரண லேப்டாப் ஒண்ணும் பேனாவோட வர்ற டேப்லெட் ஒண்ணும் வாங்கறது நல்லது. உதாரணத்துக்கு சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ. இந்தியாவில் அறிமுக விலை 36,999 ரூபாய், எடை அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், பேனா கூடவே வருது, ஐபி68 பாதுகாப்பும் இருக்கு. கீழே விழுந்தாலும் அடி டேப்லெட்டோட போயிடும், உங்க வேலை ஃபைல் எல்லாம் இருக்கிற லேப்டாப் பத்திரமா இருக்கும்.

வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டா மூணு விஷயம். ஒண்ணு, ஹெச்பி 2024-ல ஸ்பெக்டர்ங்கிற பெயரையே விட்டுட்டு ஆம்னிபுக்னு மாத்திட்டாங்க. அதனால கடையில மிச்சம் இருக்கிற ஸ்பெக்டருக்கு நல்ல தள்ளுபடி கேளுங்க, முழு விலை கொடுக்காதீங்க. அடுத்து வந்த ஆம்னிபுக் அல்ட்ரா ஃப்ளிப்ல யுஎஸ்பி-ஏ போர்ட்டை எடுத்துட்டாங்க, அதையும் கவனிங்க. ரெண்டு, கீழே விழுந்து உடைஞ்சா சாதாரண வாரன்ட்டியில வராது. அதுக்குத் தனியா இருக்கிற பாதுகாப்புத் திட்டத்தையும் விலையோட சேர்த்தே கணக்குப் போடுங்க. மூணு, மதிய வெயில்ல நிறுத்தின காருக்குள்ள இதை விட்டுட்டுப் போகாதீங்க. பேட்டரியோட ஆயுளைக் குறைக்கிறதுல சூட்டை மிஞ்ச ஆள் இல்லை.

உங்க நோட்டுக் கணக்கு என்ன சொல்லுதுன்னு எழுதி அனுப்புங்க, அதை வச்சு இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.