வானின் நிறம்



கடலின் சாயல் படிந்து வானம் நீலமாயிற்று என்று நம் கவியரங்குகள் பலவற்றில் கேட்டுவிட்டோம். மணமேல்குடிக் கரையில் நிற்பவருக்கு அது பொருந்துவதுபோல் தோன்றலாம். கடலே கண்ணில் படாத அன்னவாசலிலும் வானம் நீலந்தானே?

கதிரவன் ஒளியில் எல்லா வண்ணங்களும் உண்டு. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன. செவ்வொளியைவிட நீலவொளி ஏறத்தாழ 6 மடங்கு சிதறும். ஊதா இன்னும் மிகுதியாகச் சிதறினும் கதிரொளியில் அதன் பங்கு குறைவு. நம் கண்ணும் அதை அவ்வளவாக உணராது. இக்கணக்கை 1871இல் வகுத்தவர் ராலே என்னும் ஆங்கிலேயர்.

திருச்சியில் பிறந்த சி.வி.இராமன் 1921இல் மத்தியதரைக் கடலில் பயணம் செய்தபோது மறுபக்கத்தை ஐயுற்றார். கடலின் நீலம் வானத்திடம் கடன் பெற்றதுதானா? நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை நிக்கோல் பட்டகத்தால் விலக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னிலும் செறிந்தது! ஆக, கடலும் வானும் நிறம் மாற்றிக்கொள்வதாக நாம் பாடுவதெல்லாம் நம் கற்பனையே. அந்த ஐயத்தில் தொடங்கிய ஆய்வே 1928இல் இராமன் விளைவில் முடிந்தது.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். சித்திரையில் செம்மண் புழுதி எழும்போது வானம் வெளுக்கிறது. தூசி பருமனானது, எல்லா வண்ணத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலச் சிதறடிக்கும். ஐப்பசி மழை அதைக் கழுவிய மறுநாள் நீலம் ஆழ்கிறது. நம் கவிதைகளிலோ பன்னிரு திங்களும் ஒரே நீலம். அடுத்த கவியரங்குக்குச் ‘சித்திரை வானம்’ என்று தலைப்பிடுமாறு செயலாளரை வேண்டுகிறேன்.